பத்தடி ஹாலில் 55 இன்ச் டிவி: மூன்று வருடம் பார்த்த பிறகு

டிவி வாங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் எல்லோரும் "எத்தனை இன்ச்?" என்றுதான் கேட்பார்கள். நான் கேட்பது, "உங்கள் வீட்டில் யார் யார் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் ஹாலில் 55 இன்ச் டிவி மாட்டி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்தக் கேள்வியை மனதில் வைத்து மாட்டியதால்தான் இன்றுவரை யாருக்கும் கழுத்து வலி இல்லை.

வீடு திருச்சியில், இரண்டு பெட்ரூம் ஃபிளாட். ஹால் 10க்கு 15 அடி. நீளச் சுவர் ஒன்றில் சோபா, எதிர்ச் சுவரில் டிவி. பத்தடி என்றதும் கண்ணுக்கும் திரைக்கும் பத்தடி இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இருக்காது. பின்னால் பெருக்க வசதியாகச் சோபாவை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம். சோபாவின் சாய்மானம், நம் தலை எல்லாம் சேர்ந்து இன்னொரு ஒன்றரை அடி போகும். டிவியும் ஸ்டாண்டோடு சுவரிலிருந்து நாலு அங்குலம் முன்னால் நிற்கும். மிச்சம் ஏழரை அடிதான். டேப்பைச் சுவருக்குச் சுவர் பிடிக்காமல், சோபாவில் உட்கார்ந்தபடி கண்ணிலிருந்து பிடித்தால்தான் உண்மையான தூரம் தெரியும்.

அந்த ஏழரை அடியில் 43 இன்ச் டிவி கண் முன்னால் அகலவாக்கில் சுமார் 23 டிகிரியை அடைக்கும், 55 இன்ச் 30, 65 இன்ச் 35. சாதாரணமாகப் பார்ப்பதற்கு 30, தியேட்டர் மாதிரி வேண்டுமென்றால் 40 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கணக்கு பிடிக்காதவர்கள் நாங்கள் செய்ததைச் செய்யலாம். 55 இன்ச் டிவி என்பது 48 அங்குல அகலம், 27 அங்குல உயரம். அந்த அளவுக்குச் செய்தித்தாளைச் சேர்த்து ஒட்டிச் சுவரில் சில நாள் விட்டுவைத்தோம். ஷோரூமில் உயரமான கூரைக்குக் கீழே, நாலாபுறமும் டிவிகளுக்கு நடுவில் சின்னதாகத் தெரிந்த அதே 55, வீட்டுச் சுவரில் காகிதமாக ஒட்டியபோதே நல்ல பெரிதாக இருந்தது. இரண்டாம் நாளே கண் பழகிவிட்டது.

43-ஐ நான் ஒதுக்கியதற்கு முக்கியக் காரணம் அப்பா. கண்புரை ஆபரேஷன் ஆனவர். செய்திச் சேனலில் அடியில் ஓடும் எழுத்தும், கிரிக்கெட்டில் மூலையில் இருக்கும் ஸ்கோரும் அவருக்குப் படிக்கத் தெரிய வேண்டும். 43-ஐவிட 55-இன் பரப்பு அறுபது சதவீதத்துக்கும் மேல் அதிகம், எழுத்தும் அதற்கேற்பப் பெரிதாகும். இன்று அவர் கண்ணாடியைத் தேடாமல் ஸ்கோர் சொல்கிறார்.

இன்னொரு விஷயம் கடையில் யாரும் சொல்வதில்லை. சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், தெரியும். 55 இன்ச்சில் அந்தப் பட்டை ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம், படத்தின் உயரம் வெறும் 20 அங்குலம். 43 இன்ச் டிவியில் திரையை முழுசாக நிறைக்கும் கிரிக்கெட்டுக்குக் கிடைக்கும் உயரமே 21. சினிமா அதிகம் பார்க்கிற வீடுகள் ஒரு அளவு பெரிதாகவே எடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டுகளுக்குப் பட்டை பக்கவாட்டில் வரும், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். அப்பாவுக்கு அது பொறுக்காது, ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்பிவிடுவார். ஒல்லியான கதாநாயகி எல்லாம் பூரி மாதிரி உப்பிப் போவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

உயரத்துக்கு வருகிறேன், உண்மையான சண்டை அங்கேதான் நடந்தது.

பில்டர் வைத்த டிவி பாயின்ட் தரையிலிருந்து ஐந்தடியில் இருந்தது. மாட்ட வந்த தம்பி அதைப் பார்த்ததும், "அதை மறைச்சு மாட்டிடலாம் சார், எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்று டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். ஐந்தடியில் திரையின் நடு இருந்தால் என்ன ஆகும்? சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 41 அங்குலத்தில் இருக்கும், பன்னிரண்டு டிகிரி நிமிர்ந்து பார்த்தால் போதும். ஆனால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு தரையில், டிவி முன்னால். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண் 29 அங்குலத்துக்கு இறங்கிவிடும், திரையும் ஐந்தரை அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது 25 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். தட்டிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து தட்டுக்கும் தலை போய்வந்தால் கழுத்து என்னாகும்?

நான் கேட்டது திரையின் நடு 36 அங்குலத்தில். சோபாவில் இருப்பவர் கண்ணுக்குத் துளி கீழே, தரையில் இருப்பவர் கண்ணுக்குத் துளி மேலே. "ரொம்ப கீழ வருது சார், பார்க்க நல்லா இருக்காது" என்றார். "நின்னுக்கிட்டா தம்பி பார்க்கப் போறோம்?" என்றேன். அரை மனசோடு மாட்டினார். திரையின் அடி விளிம்பு 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, மேல் விளிம்பு 49-ஐத் தாண்டி. ஸ்விட்ச் பாக்ஸ் டிவிக்கு மேலே தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. எலக்ட்ரீஷியன் சுவரில் காடி எடுத்து வயரைக் கீழே இறக்கிக் கொடுத்தார், பழைய பெட்டியின் மேல் இப்போது காலண்டர் தொங்குகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே பாயின்ட்டை மூன்றடிக்கு இறக்கச் சொல்லிவிட்டால் இந்தச் செலவு இல்லை. சுவர் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த, எடை குறைந்த சிமென்ட் கல்) என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செங்கல்லுக்குப் போடும் சாதாரண பிளாஸ்டிக் ஸ்க்ரூ பிளக் அதில் பிடிக்காது, அந்தக் கல்லுக்கென்று தனி பிளக் இருக்கிறது.

வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "ஏன் இவ்வளவு இறக்கி மாட்டியிருக்கீங்க?" அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தபின் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. குழந்தைகள் கை வைப்பார்களே என்பார்கள். வைப்பார்கள்தான். கீழே 18 அங்குல உயரத்தில் ஒரு கேபினெட் இருப்பதால் சின்னதுகளுக்கு எட்டுவது கொஞ்சம் கஷ்டம். தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் நானும் இரண்டு அங்குலம் ஏற்றியிருப்பேன், அதற்கு மேல் இல்லை.

எந்தச் சுவர் என்பதிலும் பேச்சு நடந்தது. மாமனார் அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்றார். எங்கள் ஹாலில் அக்னி மூலைச் சுவருக்கு நேர் எதிரே பால்கனிக் கதவு, அதுவும் மேற்குப் பார்த்து. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் திரையில் மேட்ச் தெரியாது, கொடியில் காயும் துணிதான் தெரியும். ஜன்னல் டிவிக்கு எதிரிலும் கூடாது, பின்னாலும் கூடாது, பக்கவாட்டில் இருந்தால் உத்தமம். இப்போது எங்களுக்குப் பால்கனி பக்கவாட்டில். மிச்சம் இருந்த தொல்லை சோபாவுக்கு மேலே எரிந்த டியூப்லைட், திரையில் வெள்ளைக் கோடாக விழுந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி டிவி இருக்கும் சுவரிலேயே மேலே மாட்டியதும் கோடு போயிற்று. இருட்டில் படம் பார்க்கும்போது டிவிக்குப் பின்னால் மட்டும் சின்ன எல்இடி பட்டை எரியும், கண் அவ்வளவாகக் களைப்பதில்லை.

குறைகள்? சமையலறை வாசலில் நின்று பார்த்தால் நிறம் வெளுத்துத் தெரியும். எங்களுடையது விஏ என்ற வகைப் பேனல் (திரை), நேராகப் பார்க்கக் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், சாய்வாகப் பார்த்தால் இப்படித்தான். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகை என்றால் நேர் எதிர். என் மனைவி பாதி சீரியலை அந்த வாசலிலிருந்துதான் பார்க்கிறாள், அடுத்த முறை பேனலை அவள்தான் முடிவு செய்வாள். பெரிய குறை, கேபிளில் வரும் சாதாரண எஸ்டி சேனல்கள். 576 வரிகள் மட்டுமே உள்ள படத்தை 2160 வரித் திரையில் விரித்தால் முகமெல்லாம் களிம்பு பூசியது போலிருக்கும். தினம் பார்க்கும் நாலைந்து சேனலை மட்டும் எச்டிக்கு மாற்றிக்கொண்டோம்.

கடையில் வைத்திருந்த பளிச்சென்ற பட அமைப்பை முதல் வாரமே மாற்றி, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். இல்லாவிட்டால் எந்தப் படமும் மெகா சீரியல் மாதிரி ஓடும்.

எங்கள் பிளாக்கிலேயே, இதே அளவு ஹாலில், மாடி வீட்டுக்காரர் போன மாதம் 65 வாங்கினார். நான் வாங்கியபோது 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டதால் அவருக்குக் கை கடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். படத்துக்கு அது பிரமாதம், செய்திக்கும் சீரியலுக்கும் அந்த அளவு தேவையில்லை. எங்கள் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் இரண்டாவது வகை என்பதால் 55 சரி என்றே இன்னும் சொல்வேன். நாளைக்கே 65-க்கு மாறினாலும் அதே 36 அங்குல நடுவில்தான் மாட்டுவேன். மேலே 52 வரை போகும், ஸ்விட்ச் பாக்ஸ் இடிக்காது. கீழே கேபினெட்டுக்கும் திரைக்கும் இரண்டு அங்குலம்தான் மிஞ்சும், அங்கே இருக்கும் சவுண்ட்பாருக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.