பாரிமுனை பக்கத்து மேக்ரமே சாமான் கடை: கயிறு, கொக்கி சூப்பர், வளையம் மட்டும் பாத்து வாங்குங்க

மேக்ரமேனு கயித்துல முடிச்சு போட்டு கையால கீ செயின் பின்றவங்க நம்ம வடசென்னைல இப்ப நெறைய பேரு, வளைகாப்பு பர்த்டேனு ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு ஆர்டர் எடுக்குறவங்களும் இருக்காங்க, சாமான் எங்க வாங்குறதுன்னு கேக்குறவங்களுக்காக இத எழுதுறேன். மண்ணடி மெட்ரோல இறங்கி சவுகார்பேட்டை பக்கமா நடந்தா லேஸ், குஞ்சம், மணி விக்கிற சின்னச் சின்ன கடையா வரும், அதுல ஒன்னு தான் இது. வண்டி எடுத்துட்டு போகாதீங்க, நிறுத்த எடமே கெடைக்காது.

முதல்ல கயிறு. 3 எம்எம் காட்டன் கயிறு மீட்டர் கணக்குல வெட்டி தர்றாங்க, எனக்கு இது தான் பெரிய விஷயம், ஏன்னா பல கடைல முழு ரோல் எடுத்தா தான் குடுப்பாங்க, ஒரு கீ செயினுக்கு எல்லாம் சேத்து ரெண்டு மீட்டர் கிட்ட தான் ஆகும். நடுவுல நிக்கிற கயிறு சின்னதா போதும், முடிச்சு போடுற கயிறு தான் பின்னல் நீளத்த விட அஞ்சு மடங்கு வேணும். குஞ்சம் வைக்கணும்னா சிங்கிள் ஸ்ட்ராண்ட், அதாவது ஒத்தை பிரி கயிறு கேட்டு வாங்குங்க, சீப்பு போட்டு சீவினா பஞ்சு மாதிரி பிரிஞ்சு அழகா நிக்கும். மூணு பிரி முறுக்குக் கயிறு உறுதி தான், ஆனா பிரிச்சா நெளி நெளியா வரும், அது சில பேருக்கு புடிக்கும் எனக்கு புடிக்கல. கடைக்கார அண்ணன் "என்னத்துக்கும்மா, கீ செயினா பையா?"ன்னு கேட்டுட்டு தான் கயித்த எடுக்குறாரு, சும்மா இருக்குறத தள்ளி விடுற ஆள் இல்ல.

அப்புறம் கொக்கி. பாக்குறவங்க கண்ணுல பின்னல் தான் படும், ஆனா கீ செயின் எத்தன நாள் ஒழைக்கும்னு முடிவு பண்றது கொக்கி தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு கடல் பக்கம் இருக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும், உப்புக்காத்துல முலாம் பூசின இரும்பு சீக்கிரமே துரு புடிச்சு அந்த கறை அப்படியே வெள்ளை கயித்துல ஏறிடும், தொவைச்சாலும் போகாது. அதனால ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்க, கொக்கில ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, வேணாம்னு வெச்சிடுங்க. இந்த கடைல கேட்டா பித்தளை கொக்கி தனியா எடுத்து காட்டுறாங்க, வெலை கொஞ்சம் கூட தான், குடுக்கலாம். ஆனா சாவி மாட்டுற வளையத்துல தான் எனக்கு கோவம், டப்பால இருந்ததுல பாதி காந்தத்துல ஒட்டுச்சு, சிலது வாய் சரியா மூடவே இல்ல, அதுல சாவி மாட்டுனா ரோட்ல எங்கயாவது விழுந்துடும். துரு புடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் ஹார்டுவேர் கடைல வாங்கிக்கோங்க.

மர மணி கலெக்ஷன் நல்லா இருக்கு, ஓட்டை பெருசா இருக்கானு பாத்து எடுங்க, ரெண்டு கயிறு சேந்து போகணும். நுனில செல்லோடேப் இறுக்கி சுத்தினா ஈஸியா நொழையும்.

பைக் சாவி, லோடு வண்டி சாவினு தெனமும் எண்ணெய் கை படுறதுக்கு காட்டன் வேணாம், அழுக்கு ஏறிடும். அதுக்கு காசிமேடு பக்கம் படகுக்கு விக்கிற நைலான் கயித்துல மெல்லிசா இருக்குறத வாங்குங்க, நுனிய லைட்டர்ல காட்டினா உருகி ஒட்டிக்கும், பிரியவே பிரியாது.

ஜிபே உண்டு, ஞாயித்துக்கிழமை லீவு. மொத்தமா ஆர்டர் இருந்தா கலர் கயிறு எல்லாத்தையும் ஒரே ரோல்ல இருந்து ஒரே தடவைல வெட்டி வாங்கிடுங்க, அடுத்த ரோல் வரும்போது அதே மெரூன் அதே மெரூனா இருக்குறதில்ல.