சிஓஓ, சிஎஸ்ஆர், டிக்‌ஷனரி: ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸை எதில் வைப்பது?

பெரும்பாலும் பூஜ்ஜியமாகவே இருக்கும் மேட்ரிக்ஸ்தான் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ். 10,000 நிரை, 10,000 நிரல் கொண்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் பூஜ்ஜியம் அல்லாத உறுப்புகள் வெறும் 50,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அரேயில் போட்டால், எண்ணுக்கு 8 பைட் வீதம் 800 எம்பி மெமரி போய்விடும். பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் சேமிக்கப் பல வழிகள் உண்டு. எது அதிகம் மிச்சப்படுத்துகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பலரின் வழக்கம். அந்த மேட்ரிக்ஸை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

எளிமையானது சிஓஓ (COO, கோஆர்டினேட்). நிரை எண், நிரல் எண், மதிப்பு என மூன்று பட்டியல்கள். உறுப்புக்கு 4+4+8 என்று 16 பைட், மொத்தம் 0.8 எம்பி. புதிய உறுப்பு வந்தால் கடைசியில் சேர்த்தால் போதும், வரிசை பற்றிக் கவலையில்லை. ஆனால் 'ஏழாவது நிரையில் என்ன இருக்கிறது' என்று கேட்டால் பட்டியல் முழுவதையும் துழாவ வேண்டும்.

சிஎஸ்ஆர் (CSR, கம்ப்ரெஸ்ட் ஸ்பார்ஸ் ரோ) உறுப்புகளை நிரைவாரியாக அடுக்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் நிரை எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு நிரையும் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் குறித்தால் போதும். (5,0,0,2), (0,0,0,0), (0,3,0,0), (1,0,0,4) என்ற நான்கு நிரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்புகள் 5,2,3,1,4. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் நிரல் எண்கள் 0,3,1,0,3. தொடக்கக் குறிகள் 0,2,2,3,5; கடைசி 5 முடிவைக் குறிப்பது. இரண்டாவது நிரை காலி என்பது அடுத்தடுத்து வரும் இரண்டு 2-களிலேயே தெரிந்துவிடுகிறது. நம் பெரிய மேட்ரிக்ஸுக்கு இது 6,40,004 பைட் (உறுப்புக்கு 4+8 பைட், 10,001 குறிகளுக்குத் தலா 4 பைட்).

பார்த்தீர்களா, சிஓஓவோடு ஒப்பிட்டால் மிச்சம் ஐந்தில் ஒரு பங்குதான். 800 எம்பியிலிருந்து இறங்கி வந்தவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. உண்மையான லாபம் வேகத்தில். ஒரு நிரையின் உறுப்புகள் மெமரியில் அடுத்தடுத்து இருப்பதால் வெக்டரோடு பெருக்குவது சரசரவென்று நடக்கும். விலையும் உண்டு: நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால், பின்னால் இருப்பவை எல்லாம் நகர வேண்டும். லூப்புக்குள் ஒவ்வொன்றாகச் செருகுவது தற்கொலைக்குச் சமம். பைத்தானின் சைபை நூலகம் இதற்கு எச்சரிக்கையே கொடுக்கும்.

சிஎஸ்சி (CSC, கம்ப்ரெஸ்ட் ஸ்பார்ஸ் காலம்) இதையே நிரல்வாரியாகச் செய்கிறது. கணக்கீட்டு மொழிகளான மேட்லாப், ஜூலியா இரண்டும் இந்தப் பக்கம்.

டிக்‌ஷனரி முறையில் (நிரை, நிரல்) ஜோடிதான் சாவி. எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். ஆனால் பைத்தானில் உறுப்பு ஒன்றுக்கு நூறு பைட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். கணக்கிடும் வேகமும் சுமார்தான். ஏற்கெனவே எழுதியதை அடிக்கடி படித்துத் திருத்த வேண்டியிருந்தால் தவிர, நான் இதைத் தொடமாட்டேன்.

அதனால் சிஓஓவில் கட்டி, சிஎஸ்ஆருக்கு மாற்றிக் கணக்கிடுவதே பெரும்பாலும் சரி. ஒன்றில் மட்டும் கவனம்: சைபையில் மாற்றும்போது ஒரே இடத்தில் இருமுறை பதிந்த மதிப்புகள் கூட்டப்படும். ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அவற்றின் பங்குகளைக் கூட்டும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கு போடுபவர்களுக்கு வரம். கடைசியாக எழுதியதுதான் நிற்கும் என்று நம்புபவர்களுக்குப் பொறி.

முதன்மை மூலைவிட்டத்திலும் அதற்கு இணையான சிலவற்றிலும் மட்டும் எண்கள் இருந்தால் டிஐஏ (DIA, டயகனல்). மூலைவிட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குறியெண் போதும். மூன்று மூலைவிட்டங்கள் என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எதிர் மூலைவிட்டத்தில் (வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு) எண்கள் இருந்தால், 10,000 உறுப்புகளும் 10,000 தனித்தனி மூலைவிட்டங்களில் விழும்; மறுபடியும் 800 எம்பி!

சிஎஸ்ஆர் தோற்கும் இடங்களும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு இடம் நிரம்பிவிட்டால் சாதாரண அரேயே மெமரியில் சிக்கனம். வேகத்தில் அது அதற்கு வெகுமுன்பே முந்திவிடும். மறுமுனையில், 1 கோடி நிரைகளில் 1 லட்சம் உறுப்புகள் மட்டும் என்றால், தொடக்கக் குறிகளுக்கே 4 கோடி பைட் செலவாகும். சிஓஓவுக்கு மொத்தமே 16 லட்சம் பைட்தான்.