கல் அறுக்கிறவர்களுக்கு ரப்பர் மாஸ்க்: போட்டுப் பார்த்த அனுபவம்

கிரானைட், குவார்ட்ஸ் பலகைகளை அளவெடுத்து அறுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. இரண்டு பக்கமும் மெஜந்தா நிற பி100 பில்டர் மாட்டுகிற அரைமுக ரப்பர் மாஸ்க்கைத்தான் இப்போது போடுகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் மாஸ்க் இருக்கிறதே என்று தண்ணீர் விடாமல் அறுக்கப் போகிறீர்கள் என்றால், இந்தப் பணம் பாதி வீண்.

கல் தூசியால் இருமல் வரும், மிஞ்சினால் சிலிக்கோசிஸ் (நுரையீரலில் தழும்பு விழுகிற நோய்) வரும் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். கல்லில் இருக்கிற படிகச் சிலிக்கா என்ற கனிமத்தின் தூசியை மூச்சில் இழுப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸும் புகையிலைப் புகையும் இருக்கிற பிரிவு அது. அதற்காக மூன்றும் சம ஆபத்து என்று பயந்துவிட வேண்டாம். சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் சிலிக்காவால் கூடும் ஆபத்து குறைவுதான். ஆனால் பல வருடம் தூசியில் நின்றவர், அதுவும் சிலிக்கோசிஸ் வந்தவர் என்றால் ஆபத்து தெளிவாகவே கூடுகிறது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. மார்பிளில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் கணிசமாக உண்டு. குவார்ட்ஸ் என்று விற்கிற செயற்கைப் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். ஆஸ்திரேலியா அதை 2024 ஜூலையில் தடையே செய்துவிட்டது.

சரி, மாஸ்க்குக்கு வருவோம். பி100 என்றால் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். நுரையீரலின் அடிவரை போகிற தூசி சுமார் 4 மைக்ரானுக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாது. சட்டையில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரிய தூசி. அடங்கிவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றுகிற நேரத்தில்தான் சின்னது இன்னும் மிதந்துகொண்டிருக்கும்.

பில்டரில் எனக்குக் குறை இல்லை. சிக்கல் ரப்பர் ஓரத்தில். மாஸ்க்கைப் போட்டதும் முன்பக்க வால்வை உள்ளங்கையால் மூடி மெதுவாக ஊதிப் பாருங்கள். மாஸ்க் லேசாக உப்பி அப்படியே நின்றால் சரி. மூக்கோரம் காற்று சீறினால் பட்டையை இழுத்துச் சரிசெய்யுங்கள், அல்லது வேறு சைஸ் பாருங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. இரண்டு நாள் தாடிகூடக் கெடுத்துவிடும். எங்கள் ஆட்கள் எதற்குச் சம்மதித்தாலும் சம்மதிப்பார்கள், தாடியை எடுக்கச் சொன்னால் மட்டும் முறைப்பார்கள்.

நன்றாகப் பொருந்தினாலும் அரைமுக மாஸ்க் தூசியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்றுதான் அமெரிக்க விதியில் கணக்கு வைக்கிறார்கள். அங்கே 8 மணி நேர வேலைக்குச் சிலிக்கா வரம்பு ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். தண்ணீர் விடாமல் கிரைண்டர் போட்டால் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். பத்தால் வகுத்தாலும் மிச்சம் இருக்கும். பிளேடில் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி கிளம்புகிற இடத்திலேயே பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. அதற்கு மேலே மாஸ்க்.

குறைகள்: தாடைக்கடியில் வியர்வை தேங்குகிறது, பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது, கீழ்ப்பட்டைக் கொக்கி சீக்கிரம் தளர்கிறது. பில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பில்டர் கெட்டுவிடும். மூச்சிழுக்கக் கனமானால் மாற்றிவிடுங்கள். பெயின்ட் வாசனைக்கென்று விற்கிற கரி பில்டரை மட்டும் மாட்டினால் தூசி நிற்காது, வாங்கும்போது பி100 என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.