சிண்ட்ரி மன்னிக்கவில்லை: காட் ஆஃப் வார் இரண்டு பாகங்களையும் ஆடி முடித்த பின்

காட் ஆஃப் வார் வரிசையில் நார்ஸ் புராணத்தை வைத்து வந்த இரண்டு கேம்களையும் நானும் தம்பியும் அடுத்தடுத்து ஆடி முடித்தோம். முதலாவது 2018 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. அடுத்ததான ரக்னராக் 2022 நவம்பரில் வந்தது. இரண்டையும் உருவாக்கியது சாண்டா மோனிக்கா ஸ்டூடியோ. இப்போது இரண்டும் கம்ப்யூட்டரிலும் கிடைக்கின்றன. சண்டை எப்படி, கிராபிக்ஸ் எப்படி என்று விலாவாரியாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கதையில் வருகிறவர்கள் செத்துப்போனவர்களை எப்படிச் சுமக்கிறார்கள், தாங்கள் செய்ததோடு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள், பக்கத்தில் இருக்கிற ஆளை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். அதற்குக் கடைசிக் காட்சி வரை சொல்லியாக வேண்டும். கதை தெரியாமல் ஆட நினைக்கிறவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

பழைய பாகங்களை ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. க்ராட்டோஸ் ஸ்பார்ட்டாவின் படைத்தலைவன். போர்க்கடவுள் ஏரிஸின் சூழ்ச்சியில் சிக்கி, யாரை வெட்டுகிறோம் என்று தெரியாமலே மனைவியையும் பெண்குழந்தையையும் தன் கையால் கொன்றவன். அவர்களுடைய சாம்பல் சாபமாக அவன் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் உடம்பு அப்படி வெளுத்துக் கிடப்பது அதனால்தான். அதன்பிறகு ஒலிம்பஸ் தெய்வங்களைக் கொன்றான், பெற்ற தகப்பன் ஸ்யூஸையும் கொன்றான். எல்லாம் முடிந்து வடக்கே வந்து ஃபே என்பவளைக் கட்டிக்கொண்டு, அட்ரியஸ் என்று ஒரு மகனும் பிறந்து, பழசை மகனிடம் சொல்லாமல் வாழ்கிறான். 2018 கேம் தொடங்கும்போது ஃபேயும் இறந்துவிடுகிறாள். ஒன்பது உலகங்களிலும் உயரமான சிகரத்தில் தன் சாம்பலைத் தூவ வேண்டும் என்பது அவளுடைய கடைசி ஆசை.

ஆக, இந்த ஆளின் தோலில் ஒரு மனைவியின் சாம்பல், இடுப்புப் பையில் இன்னொரு மனைவியின் சாம்பல். இதைக் கேம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மணிக்கணக்காக அவன் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கிறோம், அந்தப் பை கண்ணெதிரே ஆடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அப்பாவின் சாம்பலைத் தம்பி மண்கலயத்தில் வாங்கி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு வந்தான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கலயத்தின் வாயை உள்ளங்கையால் மூடியபடியே இருந்தான். க்ராட்டோஸ் ஏன் அந்தப் பையை மகனிடம்கூடக் கொடுக்கத் தயங்குகிறான் என்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் பாகத்தில் ஒரு கையைக் கவனிக்கச் சொல்வேன். ஆரம்பத்தில் மகனை மான் வேட்டைக்குக் கூட்டிப் போகிறான் க்ராட்டோஸ். அம்பு பட்டு விழுந்த மான் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. கத்தியை இறக்கப் பையனுக்கு மனம் வரவில்லை. அப்பன் அவன் கையைப் பிடித்து அழுத்துகிறான். பையன் கலங்கி உட்கார்ந்திருக்கிறான். அப்போது க்ராட்டோஸின் கை மெல்ல எழுந்து அவன் முதுகுப் பக்கம் போகிறது, தொடப் போகிறது, தொடாமலே திரும்பிவிடுகிறது. இவ்வளவுதான் காட்சி. தன் கை எதைத் தொட்டாலும் அது செத்துப்போகும் என்று நம்புகிற ஒருவனை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. அதன்பின் கேம் முழுக்க அந்தக் கை எப்போது போய்ச் சேரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரா எங்கேயும் வெட்டுவதில்லை என்பதைப் பலரும் தொழில்நுட்பச் சாதனையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதன் பலன் வேறு இடத்தில் கிடைத்தது. இரண்டு பேருக்கிடையே ஒரு கசப்பான வார்த்தை விழுந்தால், அடுத்த காட்சிக்குத் தாவித் தப்பிக்க வழியில்லை. அந்த மௌனத்தோடேயே நாமும் நடக்க வேண்டும், மலை ஏற வேண்டும், படகு வலிக்க வேண்டும். படகில்தான் நெருக்கம் வளர்கிறது. பையன் கதை கேட்கிறான். கதை சொல்லிப் பழக்கமில்லாத அப்பன் ஆமை முயல் கதையை நாலு வரியில் முடித்துவிடுகிறான். பிறகு மிமிர் என்ற அறிவாளியின் வெட்டுண்ட, ஆனால் பேசுகிற தலை, க்ராட்டோஸின் இடுப்பில் தொங்கியபடியே கதை சொல்ல ஆரம்பிக்கிறது. கரை வந்தால் கதை பாதியில் நிற்கும், மறுபடி படகில் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். துக்க வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். கையில் ஒரு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும்.

மகன் நோயில் விழுந்ததும் க்ராட்டோஸ் தனியாக வீடு திரும்பி, தரைக்கு அடியில் புதைத்து வைத்திருந்த பழைய வாள்களைத் தோண்டி எடுக்கிற இடம் முதல் பாகத்தின் உச்சம். மனைவியையும் மகளையும் வெட்டிய அதே வாள்கள். கிரேக்கத் தெய்வம் அத்தீனாவின் உருவம் வாசலில் நின்று, நீ மிருகம்தான், மாறவே மாட்டாய் என்கிறது. அவன் மறுக்கவில்லை. மிருகம்தான், ஆனால் இனி உனக்கான மிருகம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். குற்றவுணர்வு தீர்ந்து போய் அவன் நல்லவனாகவில்லை. குற்றத்தையும் எடுத்துக் கட்டிக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்றப் போகிறான்.

ஃப்ரேயாவின் பகுதி இன்னும் கடினமானது. மகன் பால்டர் சாகவே கூடாது என்று மந்திரம் போட்டவள் அவள். அந்த மந்திரத்தால் அவனுக்கு எதுவும் உணர முடியாமல் போகிறது. ருசி இல்லை, சூடு இல்லை, வலிகூட இல்லை. அவன் அவளை வெறுப்பதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் அவன் அவள் கழுத்தை நெரிக்கும்போது அவள் எதிர்க்கவில்லை, செத்துப்போகத் தயாராகவே இருக்கிறாள். க்ராட்டோஸ் குறுக்கே வந்து பால்டரைக் கொன்றுவிடுகிறான். அவளைக் காப்பாற்றியவனும் அவன்தான், அவள் பிள்ளையைக் கொன்றவனும் அவன்தான். நன்றி சொல்லவா சபிக்கவா என்றால், அவள் சபிக்கிறாள். ரக்னராக் தொடங்கும்போதே அவனைக் கொல்லத்தான் வருகிறாள்.

அந்தப் பகையை இரண்டாம் பாகம் கரைத்த விதம் எனக்குப் பிடித்தது. பெரிய சமாதானப் பேச்சு கிடையாது. நார்ஸ் தெய்வங்களின் தலைவன் ஓடின் அவளைப் பூட்டி வைத்திருக்கும் மந்திரத்தை உடைக்க இருவரும் சேர்ந்து ஒன்பது உலகங்களில் ஒன்றான வானஹைமுக்குப் போகிறார்கள். ஒன்றாகச் சண்டை போடுகிறார்கள், ஒன்றாக அடிபடுகிறார்கள். கோபம் இருந்துகொண்டே இருக்கிறது, வேலையும் நடந்துகொண்டே இருக்கிறது. சில பேச்சுகளை அவள் பாதியில் நிறுத்திவிடுவாள். அவனும் வற்புறுத்த மாட்டான். கொலை செய்தவனும் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் ஒரே நெருப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார முடியும் என்பதை இந்தக் கேம் அவசரப்படாமல் நம்ப வைக்கிறது.

நான் இவ்வளவு நீளமாக எழுத உண்மையான காரணம் ப்ராக்கும் சிண்ட்ரியும். இரண்டு கேம்களிலும் ஆயுதம் சீர்செய்து தரும் குள்ளர் சகோதரர்கள். ப்ராக் நீல நிறம், வாயைத் திறந்தால் வசவு. சிண்ட்ரிக்கு அழுக்கென்றால் குமட்டல், எதையும் தொடத் தயங்குவான். சிரிப்பு மூட்ட வைத்த ஜோடி என்றே முதலில் தோன்றும். சிண்ட்ரிக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது: ப்ராக் முன்பே ஒருமுறை செத்தவன். சிண்ட்ரி ஆன்மாக்களின் ஏரிக்குப் போய் அவன் உயிரை மீட்டு வந்தான். நான்கு பங்கில் மூன்றுதான் கைக்குக் கிடைத்தது. அதை அண்ணன் தம்பிக்குள்கூடப் பேசாமல் மறைத்தே வைத்திருக்கிறான்.

பிறகு, நார்ஸ் போர்க்கடவுள் டீரின் உருவத்தில் அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே தங்கியிருந்த ஓடின், ப்ராக்கைக் குத்திவிடுகிறான். அந்த வீட்டையும் அடைக்கலத்தையும் கொடுத்தது சிண்ட்ரி. அந்த ஆளைச் சிறையிலிருந்து மீட்டுக் கூட்டி வரப் பிடிவாதம் பிடித்தது அட்ரியஸ். ப்ராக் உயிர் போகும் முன்னால், தனக்கு அந்த ரகசியம் தெரியும் என்று சொல்லி மன்னித்துவிட்டே போகிறான். ஆனால் உயிரில் ஒரு பங்கு இல்லாதவனுக்கு மறுமை கிடையாது. எங்கேயும் போய்ச் சேர மாட்டான். அன்பினால் செய்த காரியம் அண்ணன் தம்பி மறுபடி சந்திக்கும் வழியையே அடைத்துவிட்டது என்பது சிண்ட்ரிக்குத் தெரியும். அட்ரியஸ் ஆறுதல் சொல்ல வரும்போது அவன் வெடிக்கிறான். திறமையைக் கொடுத்தேன், வீட்டைக் கொடுத்தேன், நட்பைக் கொடுத்தேன், நீ எடுத்துக்கொண்டே இருந்தாய், எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறான். பையனிடம் பதில் இல்லை.

அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, கேமும் தெரியாது. இரவில் பீன்ஸ் ஆய்ந்தபடி ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ப்ராக் செத்த நாளில் அவள் சீக்கிரம் தூங்கப் போய்விட்டாள். கதையெல்லாம் முடிந்தபின் ஒருநாள் தம்பி மிச்சமிருந்ததை ஆடிக்கொண்டிருந்தான். ஆயுதம் சீர்செய்யக் கடைக்குப் போனான். அங்கே லுண்டா என்ற பெண் நின்றிருந்தாள்.

"டேய், அந்த நீலக்காரன் எங்கடா? கடையில ஆளையே காணோமே?"

"செத்துட்டான்மா."

"அய்யோ. கூட ஒருத்தன் இருப்பானே, தொடவே யோசிப்பானே, அவன்?"

தம்பி என்னைப் பார்த்தான். "அவன் இனிமே வரமாட்டாம்மா" என்றேன். கையிலிருந்த காயை முறத்தில் வைத்துவிட்டு அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை புரியாத அம்மாவுக்கே அந்த இழப்பு போய்ச் சேர்ந்தது, கேம் அதைக் கடையில் வைத்ததால்தான். எத்தனையோ தடவை வந்து போன இடம், பழகிய வசவு கேட்கும் இடம், அங்கே இப்போது வேறு ஆள். லுண்டா நல்லவள், வேலையும் சுத்தம். அதுவே உறுத்துகிறது.

கதை முடிந்தபின் குள்ளர்களின் உலகமான ஸ்வார்ட்டால்ஃப்ஹைமுக்குப் போனால் ப்ராக்கின் ஈமச்சடங்கு இருக்கிறது. முக்கியக் கதைக்கு வெளியே வைத்திருக்கிறார்கள், தவறவிடாதீர்கள். முன்பு ப்ராக் மிமிரிடம் ஒரு விடுகதை போட்டிருப்பான்: எடுக்க எடுக்கப் பெரிதாவது எது? மிமிருக்கு அப்போது தெரியாது. படகு எரிந்துகொண்டு போகும்போது விடை சொல்கிறான்: குழி. சிண்ட்ரி யாரோடும் சமாதானம் ஆகாமல் மறைந்துவிடுகிறான். கேம் அவனைத் திருப்பிக் கூட்டி வரவில்லை. க்ராட்டோஸுக்கு ஃப்ரேயா கிடைத்தாள் என்பதற்காக அட்ரியஸுக்குச் சிண்ட்ரி கிடைத்தாக வேண்டும் என்று எழுதவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த தவறானாலும், எதிராளி மன்னிக்க மறுக்கலாம் என்று விட்டுவிடுகிற துணிச்சலை இவ்வளவு செலவு செய்து எடுக்கும் ஒரு கேமில் நான் எதிர்பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. அட்ரியஸ் அங்கர்போடா என்ற ராட்சச இனப் பெண்ணோடு அயர்ன்வுட் காட்டில் சுற்றும் பகுதி அழகுதான், ஆனால் இழுக்கிறது. புதிர் முன்னால் நின்று யோசிக்கத் தொடங்கும் முன்பே கூட வருகிறவர்கள் விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டம் முழுக்க மௌனத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் அங்கே ஏன் இப்படிச் செய்தார்கள் என்று புரியவில்லை. பெரிய குறை கடைசிப் போர். தலைப்பிலேயே இருக்கிற ரக்னராக், அதாவது நார்ஸ் புராணத்தின் உலக முடிவுப் போர், விறுவிறுவென்று முடிந்துவிடுகிறது. குடியிலும் தகப்பன் ஓடினின் பிடியிலும் உடைந்துபோன தோர், இனிக் கொல்ல மாட்டேன் என்று சுத்தியலைத் தாழ்த்திய உடனேயே ஓடின் கையால் சாகிறான். மகள் த்ரூட் அதைப் பார்க்கிறாள். அதற்கு மேல் அவளுடைய துக்கத்துக்கு நேரமே ஒதுக்கவில்லை. தமிழ் சப்டைட்டில் கிடையாது. பேச்சுதான் இந்தக் கேமின் உயிர் என்பதால் ஆங்கிலம் ஓரளவாவது பின்தொடர முடிய வேண்டும்.

க்ராட்டோஸுக்குக் குரலும் உடல்மொழியும் கொடுத்த கிறிஸ்டோபர் ஜட்ஜுக்கு 2022 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. ஒரு உறுமலில் "சரி", "வேண்டாம்", "பயமாக இருக்கிறது" எல்லாவற்றையும் வேறுபடுத்தி சொல்லத் தெரிந்தவர். அட்ரியஸாக நடித்த சன்னி சுல்ஜிக் இரண்டு கேமுக்கும் இடையில் நிஜமாகவே வளர்ந்துவிட்டதால், குரல் உடைந்த மகனிடம் தயங்கித் தயங்கிப் பேசும் அப்பனைப் பார்ப்பது கூடுதல் அழுத்தம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2018 கேமை விட்டுவிட்டு நேரே ரக்னராக்குக்குப் போகாதீர்கள். ஃப்ரேயாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆடித் தெரிந்துகொள்வதும் முன்கதைச் சுருக்கத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல. சண்டை கைவராதவர்கள் ரக்னராக்கில் "கிவ் மீ ஸ்டோரி" நிலையை வைத்துக்கொள்ளலாம், கதையில் எதுவும் குறையாது. கண், காது, கை அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு 60-க்கும் மேற்பட்ட வசதிகள் அமைப்புகளில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் வந்த வல்ஹாலா என்ற இலவச இணைப்பை ரக்னராக் முடிந்தபின் ஆடுங்கள். க்ராட்டோஸ் தன் கிரேக்கக் காலத்துக் கொலைகளை நேருக்கு நேர் பார்ப்பது அதில்தான். வெறும் சண்டைக் களமாகத் தோன்றும், இரண்டு மூன்று சுற்று பொறுத்துக்கொள்ளுங்கள்.