கடற்கரை நடைக்கு ஸ்டீல் பாட்டில்: எல்லாம் நன்று, மூடியைத் தவிர

பரமக்குடியில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "மச்சான், நீ வச்சிருக்கிற அதே ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா, இல்ல பிளாஸ்டிக்கே போதுமா?" பேச ஆரம்பித்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் நடப்பது ராமேஸ்வரம் தீவில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி தாண்டி, நிலம் முடியும் அரிச்சல்முனை வரை. சாலை வழியாகப் போனால் சுமார் 9.5 கி.மீ. நான் சாலையை விட்டு இறங்கி, ஆண்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) ஓரமாக மணலில் போவேன். நிழல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அந்த வெயிலில், காலையில் ஊற்றிய பானைத் தண்ணீர் மதியமும் அதே குளிர்ச்சியோடு தொண்டையில் இறங்கும்போது கொடுத்த காசு மறந்துபோகும். பாட்டிலின் இரண்டு சுவருக்கு நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால் வெளிச்சூடு எளிதில் உள்ளே போக வழியில்லை. அதே நேரத்தில் கூட வருகிறவரின் பிளாஸ்டிக் பாட்டிலில் இருப்பது வெந்நீர், கூடவே ஒரு பிளாஸ்டிக் வாடை. இந்த ஒரு விஷயத்தில் ஸ்டீலுக்குப் பக்கத்தில் எதுவும் வர முடியாது.

சரி, இனி மூடி.

மூடியின் உள்ளே பிளாஸ்டிக் மரை, அதற்கு மேலே ஒரு சிலிகோன் வாஷர். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடியில் மணல் பறந்து வந்து கணுக்காலில் ஊசி போலக் குத்தும். ஒரு வாய் குடிக்கத் திறந்தால் போதும், ஈர மரையில் மணல் ஒட்டிக்கொள்ளும். திருகி மூடும்போது கரகரவென்று வரும் சத்தத்தில் பல் கூசும். அந்த மணல் வாஷருக்கு அடியில் போய் உட்கார்ந்ததும் பாட்டில் கசிய ஆரம்பிக்கும். பூநாரை பார்க்கக் கொண்டுபோன பைனாகுலர் உறை அப்படித்தான் நனைந்தது. வாஷரை நெம்பி எடுத்துப் பார்த்தால், பள்ளம் முழுக்க உப்பும் மணலும் கலந்து கறுப்பாக ஒரு வளையம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கழற்றிக் கழுவத்தான் வேண்டும், வேறு வழியில்லை. கழற்றிக் கழற்றியே வாஷர் விரிந்துபோனது.

புது வாஷர் கேட்டு, வாங்கிய கடைக்கே போனேன். தனியாக வராதாம், மூடியோடுதான் வாங்க வேண்டுமாம். அந்த மூடி விலைக்கு இரண்டு நல்ல பிளாஸ்டிக் பாட்டில் வாங்கிவிடலாம். குக்கருக்கு எந்த ஊர்ப் பாத்திரக் கடையிலும் வாஷர் தொங்குகிறது. இதற்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

அடிப்பக்கம், பற்றவைத்த விளிம்பில், பழுப்புப் புள்ளிகளும் வந்திருக்கின்றன. இதற்காகக் கம்பெனியைத் திட்ட மாட்டேன். இந்த பாட்டில்கள் பெரும்பாலும் 304 ரக ஸ்டீல்: குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். உப்பில் இருக்கும் குளோரைடு குறிவைப்பதும் அந்தப் படலத்தைத்தான். மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே இந்தக் காற்றோடு மல்லுக்கட்டி 2022 டிசம்பரில் ஓய்ந்தது. 2025இல் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள்ளேயே ஸ்டெயின்லெஸ் கம்பி வைத்திருக்கிறார்கள். பாட்டிலின் அடியில் நாலு புள்ளி வருவதெல்லாம் ஒரு குறையா? உள்பக்கம் இன்றும் பளிச்சென்றுதான் இருக்கிறது.

அப்புறம், ஊற்றுத் தண்ணீர். தனுஷ்கோடி மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். உப்புநீரைவிட இலேசானது என்பதால் அடியில் இறங்காமல் மேலாகவே தங்கிவிட்ட மழைநீர் அது. அங்குள்ள அக்கா ஒருவர் சிரட்டையால் மொண்டு ஊற்றித் தருவார். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மணல் அடியில் இறங்குவதைப் பார்க்கலாம், தெளிந்ததும் மேலாகக் குடிக்கலாம். ஸ்டீலில் எதுவும் தெரியாது, கடைசி மடக்கில் மணல் கடிபடும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் குலுக்கித்தான் பார்க்க வேண்டும். எடையும் காலியாகவே அரைக் கிலோவுக்குக் கிட்ட.

எனவே மச்சான், விலை பாதியானாலும் வாங்காதே. வாஷரைத் தனியாக விற்கட்டும், அன்றைக்குக் கேள், வேறு பதில் சொல்கிறேன். கடையில் தண்ணீரோடு விற்கிற பாட்டில் வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும், ஒரு தடவைக்கென்று செய்தது அது. 5 (பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்) என்று போட்ட, வாய் அகலமான, கெட்டியான பாட்டிலாகப் பார். தண்ணீர் சூடாகத்தான் செய்யும். பருத்தித் துண்டை நனைத்து பாட்டிலைச் சுற்றிக் கட்டிக்கொள், அங்கே அடிக்கிற காற்றுக்குக் கொஞ்சமாவது குளிரும்.