85 எம்எம் லென்ஸ், நகை போட்ட முகம்: ஆறு வருஷ அனுபவம்

மலேசியாவுல ஈப்போ டவுன்ல 900 வெள்ளிக்கு (ரிங்கிட்) செகண்ட் ஹேண்டா வாங்கின 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இது, ஆறு வருஷமாச்சு. ஃபுல் ஃப்ரேம் கேமராவுல போட்டு சுங்கை சிப்புட் பக்கம் சடங்கு, நிச்சயதார்த்தம், அப்புறம் என் சொந்த ஆசைக்கு நகை போட்ட பொம்பளைங்க முகம்னு எடுத்துக்கிட்டே இருக்கேன். கல்யாண வேலைக்கு அருமையான லென்ஸ், நகையிலதான் ரொம்ப நாள் தடுமாறினேன்.

மொத வருஷம் முழுக்க 1.8லயே, அதாவது லென்ஸ் துவாரத்த முழுசாத் திறந்து வச்சே எடுத்தேன், பின்னாடி எல்லாம் கரைஞ்சு போறது அவ்வளவு அழகா இருந்துச்சு. ஆனா ஒரு மீட்டர்ல நின்னு 1.8 வச்சா ஷார்ப்பா கிடைக்கற ஆழம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான், கண்ணு சரியா வந்தா காதுல ஜிமிக்கி மங்கிடும், வெள்ளைக்கல் ஓரத்துல ஊதா கோடு வேற. இப்போ ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு துவாரத்த 5.6க்குச் சுருக்கி வைக்கிறேன், பத்து சென்டிமீட்டர் கிடைக்குது, கண்ணு, மூக்குத்தி, தோடு மூணும் நிக்குது, ஊதாவும் காணோம். உள்ள வர்ற வெளிச்சம் குறையறதால ட்ரைபாட் கட்டாயம் வேணும்.

அடுத்த தொல்லை பச்சை. எங்க பக்கம் வீட்டை விட்டு வெளிய வந்தா செம்பனை (எண்ணெய்ப்பனை) மரம்தான், அதுக்கு நடுவுல ஒரு பொண்ண நிக்க வச்சு எடுத்தப்போ 916 அட்டியல் பித்தளைக்கு பாசி புடிச்ச மாதிரி வந்துச்சு, அவங்கம்மா பாத்துட்டு "தங்கம் தானே தம்பி இது?"ன்னு கேட்டாங்க, எனக்கு மனசே சரியில்ல. பளபளப்பான தங்கம் கண்ணாடி மாதிரி, எதிர்ல இருக்கறதத்தான் காட்டும். மினுக்கக் குறைக்கற போலரைசர் ஃபில்டர் வாங்கிப் போட்டேன், தோல்ல இருந்த எண்ணெய் மினுக்கு குறைஞ்சுது, தங்கத்துல பட்ட வெளிச்சம் அப்படியே இருந்துச்சு, ஏன்னா உலோகத்துல பட்டுத் திரும்புற வெளிச்சத்த அந்த ஃபில்டரால வெட்ட முடியாது. ஒன்றரை ஸ்டாப், அதாவது மூணுல ரெண்டு பங்கு வெளிச்சம் போனதுதான் மிச்சம். கடைசியில வேலைக்கு ஆனது ஸ்டேஷனரி கடையில கிடைக்கற மணிலா கார்டு அட்டை, ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் கறுப்புத் துணி. வெள்ளை தங்கத்துல ஒரு சுத்தமான கோடு போடும், கறுப்பு அதோட விளிம்ப எடுத்துக் காட்டும். 1665 வாக்குல வெர்மீர் வரைஞ்ச முத்துத் தோட்டுப் பொண்ண கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க, அந்த முத்துக்கு கொக்கியே கிடையாது, மேல ஒரு வெள்ளைத் தீத்தல், கீழ அவ காலரோட வெளிச்சம், அவ்வளவுதான் முத்து. நான் மணிலா கார்டு புடிக்கறதும் அதுக்குத்தான்.

வைட் பேலன்ஸ, அதாவது கேமரா நிறத்தச் சரி பண்ற செட்டிங்க, ஆட்டோல விடாதீங்க, நிறைய தங்கத்தப் பாத்தா கேமரா மஞ்சளக் குறைக்கப் போய் மூஞ்சி வெளிறிடும். நான் 5200 கெல்வின்லயே பூட்டி வச்சிருக்கேன், ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கும்போது டியூப் லைட்ட அணைச்சிடுவேன்.

நாலாவது வருஷம் லென்ஸ் உள்பக்கம் பங்கஸ் (பூஞ்சை) வந்துச்சு, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவ மட்டும் நம்பி, ஜெல்ல மாத்தாம விட்டது என் தப்பு. சுத்தம் பண்ண 150 வெள்ளி ஆச்சு, இப்போ ஈரத்தக் குறைக்கற ட்ரை கேபினட் பெட்டியில ஈரப்பதம் 45 சதவீதத்துல வச்சிருக்கேன், நம்ம ஊரு ஈரத்துக்கு இத மொதல்லயே வாங்கிடுங்க.

இந்த லென்ஸ்ல நான் எடுத்ததுல எனக்குப் புடிச்சது தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) இருக்க ஒரு பாட்டி படம். முப்பது வருஷம் பால்மரம் வெட்டினவங்க (ரப்பர் மரத்துல கீறி பால் எடுக்கறது), ரெண்டு பக்கமும் மூக்குத்தி. சங்கிலி, வளையல கழட்டி வைங்க பாட்டின்னேன், "அதெல்லாம் பேத்தியோடதுய்யா, இந்த மூக்குத்தி ரெண்டுதான் அடகு கடைக்குப் போகாதது"ன்னாங்க. பலகை ஜன்னல பாதி சாத்தி, கார்ட அவங்க மடியில வச்சு, 5.6ல எடுத்தேன். கல்லுல ஜன்னலோட சின்னக் கட்டம் ஒண்ணு தெரியும், பக்கத்துல மூக்கு மடிப்புல வேர்வை. வேர்வைய நான் ரீடச் பண்ணல, போலரைசரும் போடல. 12 இன்ச்ல பிரிண்ட் போட்டுக் குடுத்தேன், சாமி மேடைக்குப் பக்கத்துல மாட்டியிருக்காங்க.