ஏற்காடு வீட்டு இணையம்: சிக்னல் பிடித்தாயிற்று, ரீசார்ஜ்தான் கசக்கிறது

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர், "நெட்டுக்கு என்ன பண்ணியிருக்கீங்க, எவ்வளவு ஆகுது?" என்று கேட்டார். சில வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஃபைபர் ரோட்டோடு நின்றுவிடுகிறது. தோட்டத்துக்குள் கம்பம் நட்டு இழுக்கக் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. அதனால் சிம் போடும் 4ஜி ரவுட்டர், கூரைக்கு மேல் டவரைப் பார்த்த ஆண்டெனா.

ஆண்டெனாவில் எனக்கு முழுத் திருப்தி. வீட்டுக்குள் -117 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) காட்டிய ரவுட்டர் இப்போது -100ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் ஒயரைக் கவனியுங்கள். மெல்லிய கோஆக்சியல் ஒயர் 10 மீட்டர் நீண்டால், பிடித்த சிக்னலில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். ரவுட்டரைப் பரணில், ஆண்டெனாவுக்கு நேர் கீழே வைத்து, அங்கிருந்து லேன் ஒயரை இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும். கடையில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள், தொடவே தொடாதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம், அக்கம்பக்கத்தார் சிக்னலையும் கெடுக்கும். சித்திரை, வைகாசி இடிக்குப் பயந்தாவது ஆண்டெனாக் குழாய்க்கு எர்த் போட்டுவிடுங்கள்.

பனி இறங்கினால் நெட் போய்விடும் என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். 4ஜி அலைக்குப் பனிமூட்டம் ஒரு தடையே இல்லை. தடை, காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். மழைக்கு முன் அவற்றின் கிளைகளைக் கழிக்கும் கவாத்து முடிந்ததும் சிக்னல் ஏறும். ஐப்பசியில் மரம் தழைத்து நனைந்து நிற்கும்போது இறங்கும், ஈர இலை அலையை உறிஞ்சிவிடுகிறது. டவர் திசையில் நிற்கும் மரங்களைக் கவாத்துக்காரரிடம் முன்பே காட்டிவிடுங்கள். மிளகுக் கொடி ஏறிய மரமென்றால் அவர் தயங்குவார், அதுவும் நியாயம்தான்.

இதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. என் வயிற்றெரிச்சல் ரீசார்ஜில். 28 நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். தினம் 2 ஜிபி, மொத்தம் 56. சேலத்திலிருந்து மாதத்தில் ஒரு சனி, ஞாயிறுதான் மலை வீட்டுக்குப் போகிறோம், எங்களுக்கு வருவது 4 ஜிபி. கேட் கேமராவுக்குச் சொற்பம் போக, மீதியெல்லாம் நள்ளிரவு தோறும் காலாவதி. அந்த சனிக்கிழமையோ, பிள்ளைகள் வந்து இறங்கினால் சாயங்காலத்துக்குள் 2 ஜிபி தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ். காசு கட்டிய டேட்டா மாதம் முழுக்க வீணாகப் போகிறது, தேவைப்படும் இரவில் வாட்ஸ்அப் படம்கூட இறங்குவதில்லை! போகும்போது மட்டும் ரீசார்ஜ் செய்யலாமே என்பார்கள். அப்படிச் செய்தால் கேமராவுக்கு நெட் இருக்காது, காட்டெருமை கேட்டை முட்டியதா என்று சேலத்திலிருந்து பார்க்க முடியாது.

தினசரி அளவு இருப்பதால்தான் சீசன் கூட்டத்திலும் எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரிலேயே சிறப்பு ரீசார்ஜ் வவுச்சர்களுக்கு 365 நாள் வரை செல்லுபடி தரலாம் என்று திருத்தம் கொண்டுவந்துவிட்டது. எங்கள் ரீசார்ஜ் கடையில் இன்னும் 28 நாளைத்தான் நீட்டுகிறார்கள்.

ஆகவே நண்பரே, மாதம் ஒருமுறை மலையேறுகிறவர் என்றால் வாங்க வேண்டாம். போனை ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட்டில் சமாளியுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் அங்கேயே குடியிருந்தால் மட்டும் மாட்டுங்கள், அவர்கள் பிள்ளைகள் படிக்கவாவது தினம் அந்த 2 ஜிபி பயன்படும்.